முப்பத்தொரு விடைத்தாளில் ஒரு குளம்

பியூமிகாவின் இரண்டு கைகளிலும் கஞ்சி. விடுதிச் சமையலறையில் வடித்த சோற்றுக் கஞ்சியை ஒரு பால்மாத் தகரத்தில் வாங்கி வந்து, போன வருடக் கலண்டர் தாள்களைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களால் கஞ்சியை இழுத்துவிட்டு, உள்ளங்கையால் தாளின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவாள். ஒரு காற்றுக் குமிழ் இருக்காது. முப்பத்து நான்கு வருடம் வார்டுகளில் தாதியாக வேலை பார்த்துவிட்டு இந்த விடுதிக்கு மேட்ரனாக வந்தவள் நான். கட்டுப் போடத் தெரிந்த கை எது, தெரியாத கை எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அவளுடையது தெரிந்த கை.

"கஞ்சி காய்ஞ்சா கரப்பான் வரும்" என்றேன்.

"நாளைக்கு ஈரத்துணியால துடைச்சிடுறேன் மேட்ரன்."

"நாளைக்கு இல்ல. இன்னைக்கே."

"சரி மேட்ரன்" என்றாள். நான்காவது தாளையும் ஒட்டினாள்.

அன்று சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. மூன்று மணிக்குக் குப்பி. விரிவுரையில் விளங்காமல் போனதை, விளங்கிக்கொண்ட ஒருத்தி மற்றவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. மின்சாரம் இல்லாத அறைகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்தவர்கள் வைத்த பெயர். இப்போது குழல் விளக்கின் கீழே நடந்தாலும் பெயர் அதேதான். இதற்கு எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. எழுதாத விதி இரண்டு உண்டு. குப்பி கொடுக்கிறவள் தனக்குத் தெரிந்ததில் ஒன்றையும் மறைக்கக்கூடாது. கேட்கிறவள் நடுவில் புகுந்து குறுக்குக்கேள்வி கேட்கக்கூடாது. இந்த மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் பட்டம் வாங்குவது குப்பியால்தான் என்று நான் சொன்னால் விரிவுரையாளர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களும் குப்பியில் படித்தவர்கள்தான்.

தாதியர் பீடத்தின் இரண்டாம் வருடத்துக்கு பியூமிகாதான் குப்பி. கெக்கிராவைக்கு அப்பால் ஒரு குளத்து ஊர் அவளுடையது. அப்பா அங்கே வெல்விதானை. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிப்பவர். மடையைத் திறக்கவும் மூடவும் அவர் சொல்ல வேண்டும். ஏழு வயதிலிருந்து காலையில் குளக்கட்டுக்கு ஓடி, வெட்டுப் போட்ட கம்பில் தண்ணீர் எந்த வெட்டில் நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்வது இவள் வேலை. உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை புள்ளி போதவில்லை. ஒரு வருடம் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டே படித்து, இரண்டாம் தடவை இங்கே வந்தாள். ஆள் கட்டை, குரல் பெரிது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். சோற்றை வேகமாகச் சாப்பிடுவாள். அதை நான் கண்டித்திருக்கிறேன், பலன் இல்லை.

அந்த வருடம் எக்கநாயக்க மிஸ் விரிவுரையாளராகப் புதிதாக வந்திருந்தார். ஆறு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய வினாத்தாளில் மனப்பாடம் செய்து எழுதக்கூடிய கேள்வி ஒன்றுமே இருக்காது. 'நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்?' என்றுதான் கேட்பார். பிள்ளைகளுக்கு அதுதான் பயம். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை எங்கே போய்ப் படிப்பது? அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமைக் குப்பி. பாடம், பற்றாக்குறை. மருந்து போதாது, கட்டில் போதாது, ஆள் போதாது. அப்போது தாதி என்ன செய்வாள்?

முப்பத்தொரு பேர் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் மூலையில் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சேலைன் போத்தலை மறந்திடுங்க மச்சான்" என்று தொடங்கினாள் பியூமிகா. இங்கே பெண்பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தாளில் ஒரு குளம் வரைந்தாள், ஒரு கட்டு, ஒரு மடை, கீழே ஒன்பது கட்டங்கள். "மழை பொய்ச்சுப்போச்சு. குளத்தில பாதித் தண்ணிதான். ஒன்பது வீட்டுக்கு ஒன்பது வயல். என்ன செய்றது?"

"மடைக்குப் பக்கத்து வயல்காரனைக் கட்டிக்கலாம்" என்றாள் தேஷானி. அம்பலாங்கொடைப் பிள்ளை, வாய்க்கு ஓய்வு கொடுக்காதவள்.

"உன்னைக் கட்டினா அவன் குளத்திலயே குதிச்சிடுவான். கேளு. எங்க ஊர்ல இதுக்குப் பேர் பெத்மா. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து உள்ளது. முதல் விஷயம், ஒருத்தரையும் ஒதுக்கக்கூடாது. உள்ளதுல ஒன்பது பேருக்கும் பங்கு. எழுதிக்கோங்க."

எல்லோரும் எழுதினார்கள். கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். அவள் மூன்று தாள்களை நிரப்பிவிட்டு நான்காவது தாளில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே நகரசபையின் கொசுப்புகை வண்டி வந்து நின்றது. போன மாதம் மட்டும் விடுதியில் நான்கு பேருக்கு டெங்கு. நான் எழுந்து கைதட்டினேன்.

"எல்லாரும் வெளியே. சாப்பாட்டுத் தட்டெல்லாம் மூடுங்க."

"இன்னும் பாதி இருக்கு மேட்ரன்" என்றாள் பியூமிகா.

"அது கொசுவுக்குத் தெரியாது. நட."

பதினைந்து நிமிடத்தில் கூடம் புகையால் நிறைந்தது. திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் பாதிப் பேர் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வாசலில் தேஷானி, "மிச்சப் பாதி எப்ப மச்சான்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "மிச்சம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சின்ன விஷயம்" என்று பியூமிகா சொன்னதும் விழுந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாலையில் சுவரில் இருந்த தாள்களை நானே கழற்றி, சுருட்டி, துணி அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். சுவரை அவள் துடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. ஒரு கேள்வி இப்படி இருந்தது: வெள்ளத்தால் பாதை அடைபட்ட கிராமத்து மருந்தகம். வயிற்றோட்டம் கண்ட ஒன்பது குழந்தைகள், ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. அதில் மூன்று குழந்தைகளுக்குக் கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. கையில் அரை லீட்டர் சேலைன் போத்தல் ஆறு. அடுத்த போத்தல் வர இரண்டு நாள். நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்?

அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை பீடத்து அறிவிப்புப் பலகையில் முப்பத்திரண்டு சுட்டெண்கள் தொங்கின. பரீட்சை மோசடி என்ற சந்தேகம், வியாழக்கிழமை இரண்டு மணிக்கு விசாரணை. மோசடி என்று முடிவானால் பார்த்து எழுதியவர்களுக்கு அந்த வருடம் ரத்து. விடையைக் காட்டியவளுக்கு இரண்டு வருடம் தடை. முப்பத்திரண்டாவது சுட்டெண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தது. அது பியூமிகாவுடைய எண்.

நடந்தது இதுதான். முப்பத்தொரு பேரும் ஒரே விடை எழுதியிருந்தார்கள். ஒருவரையும் ஒதுக்கக்கூடாது, உள்ளதைச் சரிசமமாகப் பங்கிட வேண்டும், ஆளுக்கு மூன்றில் இரண்டு பங்கு போத்தல். சொல்லுக்குச் சொல் அதே. அதோடு நின்றிருந்தாலாவது தப்பியிருப்பார்கள். விடைக்குப் பக்கத்தில் முப்பத்தொரு பேரும் ஒரு குளம் வரைந்திருந்தார்கள். கட்டு, மடை, ஒன்பது கட்டங்கள். சேலைன் கேள்விக்குக் குளம் வரைந்த முதல் விடைத்தாளைப் பார்த்து எக்கநாயக்க மிஸ் சிரித்திருப்பார். பத்தாவதில் சிரிப்பு நின்றிருக்கும்.

பியூமிகாவின் தாளிலும் குளம் இருந்தது. ஆனால் விடை வேறு. முழுவதும் சரியான விடை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கூடத்தில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் அப்படியே ஆறிக்கொண்டிருந்தன. யாரும் பியூமிகாவின் மேசையில் உட்காரவில்லை. தேஷானிதான் தட்டோடு வந்து எதிரில் நின்றாள்.

"உன் தாளில என்ன எழுதின?"

பியூமிகா சொன்னாள். மூன்று குழந்தைக்கு இரண்டிரண்டு போத்தல், மற்ற ஆறுக்கும் கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்.

"எங்களுக்குச் சொன்னது வேறயே."

"நான் சொன்னது அதேதான் மச்சான்."

"நீ சொன்னது அப்படியே என் கொப்பியில இருக்கு. ஒன்பது பேருக்கும் பங்குன்னு. ஊருக்கு ஒரு உபதேசம், உனக்கு ஒரு உபதேசமா? முதல் ஆளா வரணும்னா வந்திருக்கலாமே. எங்கள்ல யாரு தடுத்தது? எங்களை எதுக்குக் குழியில இறக்கின?"

பின்னால் ஒருத்தி, "வெல்விதானை மகதானே. மடைச் சாவி அவ கையில" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பியூமிகா எழுந்தாள். தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். அதில் சோறு அப்படியே இருந்தது என்று சமையல்காரி என்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமையும் அவள் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலை தலைவலி என்று என் அறைக்கு வந்தாள். இரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு அறுபது. மாத்திரை கொடுக்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

"இரண்டு வருஷத் தடைக்குப் பயமா?"

"அதுவும்தான் மேட்ரன். ஆனா அதைவிட..." கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் மறைச்சேன்னு சொல்றாங்க. குப்பியில மறைச்சவள்னு பேர் வாங்கினா நான் இங்க மூணு வருஷம் எப்படி இருக்கிறது? ஊருக்குப் போயிடலாம்னு இருக்கு."

"மறைச்சியா?"

"இல்ல."

"அப்ப அவங்க ஏன் வேற எழுதினாங்க?"

"தெரியலயே. பெத்மான்னா அதுதானே. யாருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் மாத்தறைக் கடற்கரையில பிறந்தவ. எங்க ஊர்ல மழை நிக்கிறதே இல்ல. சொல்லு, பெத்மான்னா என்ன?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "குளத்தில பாதித் தண்ணின்னா, எல்லா வயலுக்கும் பாதிப் பாதி விடமாட்டோம். விட்டா ஒரு வயல்லயும் கதிர் வராது, எல்லாம் கருகிடும். மடைக்குக் கிட்ட உள்ள நிலத்தை மட்டும் விதைப்போம். அதுக்கு முழுத் தண்ணி. அந்த நிலம் யாருடையதா இருந்தாலும் அந்தப் போகத்துக்கு ஒன்பது வீட்டுக்கும் பிரிச்சுக் குடுப்போம். தூர உள்ள வயல் தரிசாக் கிடக்கும். ஆனா தூர வயல்காரருக்கும் மடைக்கிட்ட ஒரு துண்டு இருக்கும்."

"இதைக் குப்பியில சொன்னியா?"

"சொன்னேன்."

நான் துணி அலமாரியைத் திறந்து, சுருளை எடுத்து மேசையில் விரித்தேன். முதல் தாளில் குளம். இரண்டாவதில் ஒன்பது பேருக்கும் பங்கு. மூன்றாவதில் யாரையும் ஒதுக்கினால் ஊரில் என்ன சண்டை வரும் என்ற கதை. நான்காவது தாளில், 'மடைக்குப் பக்கத்து நிலம்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"நான் சொல்லவே இல்லையா?"

"கொசுப்புகை வண்டி வந்திச்சு. நான்தான் துரத்தினேன். மிச்சம் எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு நீ சொல்லிட்டுப் போன. அம்பலாங்கொடைக்காரிக்கும் களுத்துறைக்காரிக்கும் குளத்தைப் பத்தி என்னடி தெரியும்? அவங்களுக்குத் தண்ணின்னா வெள்ளம்தான்."

அப்போதுதான் அவள் அழுதாள். கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு முகம் கழுவச் சொல்லி, பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பீடாதிபதியின் அறையில் பீடாதிபதி, எக்கநாயக்க மிஸ், பியூமிகா, முப்பத்தொரு பேர் சார்பில் தேஷானி. அழைக்காமலே நானும் போனேன். கையில் கலண்டர்ச் சுருளும் கொசுப்புகைப் பதிவுப் புத்தகமும் இருந்தன.

எக்கநாயக்க மிஸ் கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். "நான் படிச்ச இடத்தில ஒரு கேள்விக்கு முப்பது பேர் முப்பது மாதிரி எழுதுவாங்க" என்றார். "தனித்தனியாப் படிப்பாங்க, தனித்தனியா யோசிப்பாங்க. இங்க முப்பத்தொரு பேர் ஒரே பிழையைப் பிழையில்லாம எழுதியிருக்காங்க. பார்த்து எழுதலேன்னா இது எப்படி நடக்கும்?"

"குப்பியில மிஸ்" என்றாள் தேஷானி, மெதுவாக.

"நானும் குப்பியில படிச்சவதான். குப்பியில படிச்சா பிழை வேற வேறயா வரும். இது அச்சு."

நான் பதிவுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். "சனிக்கிழமை மூணே முக்காலுக்குக் கொசுப்புகை வண்டி. என் கையெழுத்து. குப்பி பாதியில நின்னுச்சு. இது அந்தப் பாதி." நான்கு தாள்களையும் விரித்தேன். பேச வேறொன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மிஸ் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நான்காவது தாளில் விரலை வைத்து, பியூமிகாவிடம், "இங்க என்ன எழுத இருந்தீங்க?" என்று கேட்டார். "இப்ப எழுதுங்க."

பீடாதிபதி ஒரு பேனாவைக் கொடுத்தார். பியூமிகா மேசையில் குனிந்து எழுதத் தொடங்கினாள். குளத்தை வரைந்து, மடைக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்களை மட்டும் கறுப்பாக்கி, அதற்குள் ஒன்பது பெயர்களை எழுதினாள். பக்கத்தில் மூன்று குழந்தைகள், ஆளுக்கு இரண்டு போத்தல். மற்ற ஆறும் அதே அறையில், கரண்டி கரண்டியாகக் கரைசல். ஒன்பது தாய்மாரும் ஒரே அடுப்பில் முறைபோட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள், யாருக்குக் கண் குழிந்தாலும் அடுத்தவள் பார்த்துச் சொல்வாள்.

"ஆறு பேரைச் சேலைன் இல்லாம விட்டீங்களே. அது ஒதுக்கினது இல்லையா?"

"இல்ல மிஸ். தூர வயல் காயும். வயல்காரர் காயமாட்டார்."

மிஸ் கறுப்புக் கட்டங்களில் இருந்த ஒன்பது பெயர்களையும் எண்ணினார். பிறகு தேஷானியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பெத்மா பத்தி இதுக்கு முன்னால கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல மிஸ். எங்க ஊர்ல கடல்தான்."

"அப்ப ஏன் குளம் வரைஞ்சீங்க?"

"அவ வரைஞ்சா மிஸ். குப்பியில உள்ளதை மாத்தி எழுதினா பிழையாயிடுமோன்னு பயம்."

பீடாதிபதி இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

எக்கநாயக்க மிஸ் முப்பத்திரண்டாவது விடைத்தாளை எடுத்து பியூமிகாவின் முன் வைத்தார். "இதுக்குத்தான் முதல்ல முழுப் புள்ளி போட்டேன். சந்தோஷமாப் போட்டேன். பிறகு மத்தக் குளங்களைப் பார்த்ததும் ஏமாந்துட்டேன்னு நினைச்சேன். அந்தக் கோபம்தான்." பீடாதிபதியிடம் திரும்பி, "இது மோசடி இல்ல சேர். மோசமான விடை. அவ்வளவுதான்" என்றார்.

முடிவு ஐந்து நிமிடத்தில் எழுதப்பட்டது. மோசடி இல்லை, தடை இல்லை. முப்பத்தொரு பேருக்கும் அந்தக் கேள்விக்குப் பூச்சியம். விரும்பினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வேறு கேள்விக்கு விடை எழுதலாம். பியூமிகாவின் விடை அப்படியே நிற்கும்.

வெளியே படிக்கட்டில் தேஷானி அவளுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சொல்ல மறந்த. நான் கேக்க மறந்தேன். சரியா?"

"நீ கேட்ட. நான்தான் தெரிஞ்சதுன்னு சொன்னேன்."

"அப்ப பிழை முழுக்க உன்னுது. நல்லது. ராத்திரி சம்பல்ல என் பங்கையும் தின்னு. நாலு நாள் சாப்பிடாம பேய் மாதிரி இருக்க."

அன்று இரவு பியூமிகா மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள், வேகமாக. நான் கண்டிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். பியூமிகா முதலில் அந்த மறுபாதியைச் சொல்லி முடித்தாள். பிறகு, பத்துப் பேருக்கு ஒரு ஒட்சிசன் உருளை என்று ஒரு கணக்குக் கொடுத்தாள். யாரும் எழுதத் தொடங்கும் முன்பே கையைத் தூக்கினாள்.

"எழுதாதீங்க. ஒவ்வொருத்தியும் முதல்ல சொல்லுங்க, உங்க ஊர்ல ஒண்ணு பத்தாமப் போனா என்ன செய்வாங்க?"

தேஷானி கரைவலையைப் பற்றிச் சொன்னாள். கடற்கரையில் வலை போட முறை உண்டு, முறைக்காரன் வீட்டில் நோய் என்றால் முறையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, மறுவாரம் முன்னால் வாங்கிக்கொள்வான். களுத்துறைப் பிள்ளை ஒருத்தி றப்பர் தோட்டத்து ஒற்றைக் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். நுவரெலியாப் பிள்ளை, "எங்க வீட்டுல அம்மா சாப்பிடமாட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "தாதி பட்டினி கிடந்தா ஒட்சிசன் கூடுமாடி?" என்று ஒருத்தி கேட்க, அதையும் விவாதித்தார்கள். நடுவில் நடுவில் கேள்வி கேட்டார்கள். பியூமிகா தடுக்கவில்லை.

ஏழே முக்காலுக்கு முப்பத்தொரு பேரும் மறுதேர்வுக்கு மலையிறங்கிப் போனார்கள். அவள் போக வேண்டியதில்லை. என்னிடம் சலவை அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய், திங்கட்கிழமையிலிருந்து தோய்க்காமல் குவித்து வைத்திருந்த வெள்ளைச் சீருடைகளை ஒரு பெரிய வாளியில் ஊறப்போட்டாள். ஒன்பதரை மணிக்கெல்லாம் கொடியில் மூன்று சீருடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.